கோகிலா கடுக்காய் போட்டு வைத்த சேலை

கோகிலா, உன்னிடம் கேட்க வேண்டியதை எல்லாரும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். துணியைச் சாயத்துக்கு எப்படித் தயார் செய்வது என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். நான் எங்கே போய் எழுதுவேன், சொல்லு. கடைசியாக நான் பேனா பிடித்தது நம் கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போடும்போதாகத்தான் இருக்கும்.

படிக்கிறவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். கோகிலா என் மனைவி. போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனாள். பீளமேட்டில் எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடியில் துணிகளுக்கு இயற்கைச் சாயம் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பும் எடுத்தாள். நான் அவளிடம் வேலை பார்த்தேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வீட்டில் கணவன், மாடியில் வேலையாள். மாடிப்படி ஏறியதும் அவள்தான் மேஸ்திரி.

அவள் போன பிறகு ஒரே ஒரு சேலைக்குச் சாயம் போட்டேன். அதோடு இந்த வேலையை விட்டுவிட்டேன். பெருந்துறையில் பழைய சாயப்பட்டறைக்கே திரும்பப் போகிறேன். அவள் வகுப்புக்கு வந்த கவிதா இப்போது சொந்தமாக வீட்டில் ஆரம்பித்திருக்கிறாள். அவள்தான், "ரிட்டயர் ஆனவங்க எழுதுவாங்கல்லங்கண்ணா, அந்த மாதிரி எழுதுங்க. தப்பு இருந்தா நான் திருத்திக்கறேன்" என்றாள். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இருந்தாலும் அவள் சொன்னது தப்பில்லை. ஓய்வு பெற்றவன்தான் நான்.

எட்டாவதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. பெருந்துறையில் ஒரு பட்டறையில் வெளுப்புப் பிரிவில் சேர்ந்தேன். மிஷினில் துணியை ஏற்றுவது, மருந்து ஊற்றுவது, வெள்ளையானதும் இறக்குவது. கல்யாணம் ஆகும்வரை அதுதான் எனக்குத் தெரிந்த தொழில். கோகிலா தாராபுரத்துக்காரி. கல்யாணத்துக்கு அப்புறம் பீளமேட்டுக்கு வந்தோம். அவள் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே எங்கேயோ வகுப்புக்குப் போய் இந்தச் சாய வேலையைப் பழகினாள். போனில் படம் போட்டாள், கேட்டு வந்தார்கள். ஒரு ஆளால் முடியாது என்று ஆனதும் நான் வேலையை விட்டுவிட்டு அவளோடு சேர்ந்தேன்.

முதல் நாள் அவள் கொடுத்தது கடையில் வாங்கிய பளீரென்ற வெள்ளைப் பருத்தித் துணி. வேகவைக்கச் சொன்னாள்.

"ஏன் அம்மணி, வெள்ளையாத்தான இருக்குது? இன்னும் என்னத்த வேக வெக்கறது?"

"வெள்ளையா இருந்தா சுத்தமுன்னு யாருங்க சொன்னாங்க?"

"பட்டறையில வெள்ளையாக்கறதுதான எங்க வேலையே."

"அது பட்டறைங்க. இது மாடி. பேசாம அடுப்பப் பத்த வைங்க."

எவர்சில்வர் அண்டா. துணி முழுகித் தாராளமாகப் புரளுகிற அளவுக்குத் தண்ணீர். அதில் சலவைச் சோடா கொஞ்சம், ஊறவைத்துப் பிசைந்த பூந்திக்கொட்டைச் சாறு கொஞ்சம். துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் நனைத்துத்தான் உள்ளே விட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிடக் கூடாது. ஓரத்தில் குமிழி வந்தால் தீயைக் குறைத்து அப்படியே வேகவிட வேண்டும். நான் குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் மெதுவாக மங்கியது. அப்புறம் மஞ்சளானது. அப்புறம் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. வெள்ளைத் துணியிலிருந்து.

கோகிலா எட்டிப் பார்த்து, "ஒரு டம்ளர் மொண்டு தரட்டுங்களா? சக்கரை போட்டுக்கறீங்களா?" என்றாள்.

பஞ்சிலேயே மெழுகு மாதிரி ஒரு பசை உண்டு. நெய்யும்போது நூலுக்குக் கஞ்சி போடுகிறார்கள். கைப்பிசுக்கு, மிஷின் எண்ணெய் எல்லாம் சேருகிறது. வெளுப்பு மருந்து போட்டால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், ஆனால் முழுக்கப் போய்விடாது. இது இருக்கிற இடத்தில் சாயம் உள்ளே இறங்காது, மேலேயே நின்று இரண்டு துவையலில் ஓடிவிடும். வருஷக்கணக்கில் துணியோடு பழகின எனக்கு இது தெரியவே தெரியாது. பட்டறையில் எனக்குச் சொன்னது மருந்து எவ்வளவு, நேரம் எவ்வளவு, அவ்வளவுதான்.

வெந்த துணியை அலசிக் காயப்போட்ட பிறகு அவள் சோதனை பண்ணுவாள். துணியைக் கையில் விரித்து, மோதிர விரலைத் தண்ணீரில் தொட்டு ஒரே ஒரு சொட்டு விடுவாள். சொட்டு விழுந்த உடனே துணி குடித்துவிட வேண்டும். சேம்பு இலையில் நிற்கிற மாதிரி உருண்டு நின்றால் போச்சு. ஓரம், நடு, மடிப்பு என்று பல இடத்தில் சொட்டு விடுவாள். ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் தயங்கி இறங்கினாலும் துணியை மடித்து என் கையில் கொடுத்துவிடுவாள்.

"மறுக்கா."

அவ்வளவுதான் சொல்வாள். திட்ட மாட்டாள், சலித்துக்கொள்ள மாட்டாள். மறுபடி வேகவைக்க வேண்டும் என்று அர்த்தம். நான் ஏதாவது சமாதானம் சொல்லப் போவேன்.

"கொஞ்சூண்டு தான அம்மணி. சாயத்துல போட்டுப் பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாமுன்னு சொல்றவங்க கீழ போயி டிவி பாருங்க."

கோபமாகச் சொல்லமாட்டாள். சிரிக்கவும் மாட்டாள். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பஸ் எப்ப வருமுன்னு கேட்டால் ஒருவர் பதில் சொல்வாரே, அந்த மாதிரி முகம். மேலே ஏறினால் அந்த முகம், கீழே இறங்கினால் வேறே கோகிலா. கீழே என்னை வம்புக்கு இழுப்பாள், தலையில் குட்டுவாள். இந்த இரண்டில் எந்த கோகிலா செத்துப்போனாள் என்று சில நாள் குழம்பிவிடுகிறேன். கீழே ரூமில் இருந்தால் அவள் மாடியில் இருக்கிறாள் என்று தோன்றுகிறது. மாடிக்குப் போனால் கீழே சோறாக்குகிறாள் என்று தோன்றுகிறது.

கவிதா இதைப் படித்துவிட்டு, செய்முறையைச் சொல்லுங்கண்ணா என்பாள். சொல்கிறேன்.

லினன் துணி பருத்தி மாதிரி இல்லை. அதில் பிசின் அதிகம், தண்ணீர் இன்னும் கறுத்து வரும். ஒரு தடவையில் முடியாது. இரண்டாவது தண்ணீரும் நிறம் விட்டால் மூன்றாவதும் வைக்க வேண்டும். ஆனால் சுருட்டித் திணித்தால் மடிப்பு விழுந்து அந்தக் கோடு அப்படியே நின்றுவிடும், அங்கே சாயம் கோடு கோடாகப் பிடிக்கும். பெரிய பாத்திரத்தில் தொளதொளவென்று கிடக்க வேண்டும். எடுத்து முறுக்கிப் பிழியக் கூடாது. தூக்கிப் பிடித்துத் தண்ணீரை வடியவிட வேண்டும். தண்ணீரும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு, சோப்பே நுரைக்காது. அதனால் குழாயில் சிறுவாணித் தண்ணீர் விடுகிற நாளில்தான் மாடியில் வேலை. தண்ணீர் வராத நாளில் கோகிலா துணி மடிப்பாள், நான் தூங்குவேன்.

வேகவைத்த பிறகு கடுக்காய். நாட்டு மருந்துக்கடையில் பொடியாகவே கிடைக்கும். துணியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு வடிகட்டி, அதில் துணியைப் போட்டுப் புரட்டிக்கொண்டே இருந்து, ஊறியதும் எடுத்து, அலசாமல் அப்படியே வெயிலில் காயப்போட வேண்டும். அலசாமல் என்பதைக் கவனியுங்கள். துணி இளமஞ்சளாகிவிடும். பார்க்கிறவர்களுக்கு அழுக்குத் துணி மாதிரி, பழுப்பேறின வேட்டி மாதிரிதான் தெரியும். பருத்திக்கும் லினனுக்கும் சாயத்தைப் பிடித்துவைக்கத் தெரியாது. கடுக்காய்தான் அதுகளுக்குக் கை முளைக்கவைக்கிறது என்பாள் கோகிலா.

கடுக்காயோடு இரும்பு சேரக் கூடாது. சேர்ந்தால் கறுப்பு. ஒரு முறை கொடிக்கயிறு அறுந்து, கீழ்வீட்டுக்காரர் நல்ல மனசோடு கட்டுக்கம்பி கட்டிக் கொடுத்தார். நான் கடுக்காய்த் துணிகளை அதில் போட்டேன். சாயங்காலம் பொழுதோட எடுத்தால் ஒவ்வொரு துணிக்கும் நடுவில் மை தடவின மாதிரி ஒரு கோடு. கோகிலா ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். துருவைப் பெருவிரலில் தேய்த்துப் பார்த்தாள். அப்புறம், "அவரு வந்தா காப்பி குடுங்க. கம்பிய மட்டும் கழட்டிப் போடுங்க" என்றாள். அந்தத் துணிகள் எல்லாவற்றையும் பிறகு துருப்பிடித்த இரும்பு ஊறின தண்ணீரிலேயே முக்கிச் சாம்பல் நிறமாக்கி விற்றாள். அவள் போனில் போட்டதிலேயே சீக்கிரம் விற்றுப்போனது அதுதான்.

கடுக்காய்க்கு அப்புறம் படிகாரம். கடுக்காயை விடக் கொஞ்சம் குறைவாக எடுத்து, சுடுதண்ணீரில் கரைத்து, துணியை ஊறவிட்டு, மறுபடி காயவிட்டு, சில நாள் மடித்து வைத்து, சாயத்துக்கு முன்னால் நன்றாக அலச வேண்டும். கடுக்காய் படிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும், படிகாரம்தான் நிறத்தைப் பிடிக்கிறது. இந்த வேலையில் எனக்குப் பிடிபடாமலே போனதும் இதுதான். படிகாரம் போட்ட துணியும் போடாத துணியும் பார்க்க ஒன்று. தொட்டாலும் ஒன்று. மோந்தாலும் ஒன்று. போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். கோகிலா போட்டாளா என்று கேட்டால் கோகிலாவுக்குத்தான் தெரியும்.

இப்போது அந்தச் சேலை.

கோகிலாவின் தங்கை சுதாவுக்குக் கல்யாணம் பேசி உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் முடித்திருந்தார்கள். கல்யாணப் பட்டு மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. மறுவீட்டுக்குப் போகும்போது உடுத்துகிற சேலை நான் தருகிறேன் என்று கோகிலா சொல்லிவிட்டாள். வெள்ளை லினன் சேலை வாங்கி, மஞ்சிட்டி வேரில் சிவப்பாகச் சாயம் போடப் போகிறேன் என்றாள். சுதா பீளமேட்டிலேயே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். அக்காவும் தங்கையும் எந்தச் சிவப்பு என்று சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

"தக்காளிச் செவப்பா வேணுங்க்கா."

"மஞ்சிட்டிக்கு என்ன செவப்பு வருதோ அதத்தாண்டி கட்டோணும். தக்காளி வேணும்னா மார்க்கெட்டுக்குப் போ."

அந்தச் சேலைக்கு மட்டும் எல்லா வேலையும் அவளே பார்த்தாள். என்னைக் கிளறக்கூட விடவில்லை. வேகவைத்து, சொட்டு விட்டுப் பார்த்து, மறுக்கா வேகவைத்து, கடுக்காய் போட்டுக் காயவைத்தாள். அதுவரை நான் பார்த்தேன். அப்போதுதான் காய்ச்சல் ஆரம்பித்தது. மழையில் நனைந்தது என்று நினைத்தோம். நான் சரக்கு கொடுக்க வெளியே போயிருந்த ஒரு நாள் அவள் வீட்டில் படுத்திருந்தாள். படுத்திருந்தாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்து ஆஸ்பத்திரி. ரத்தத்தில் ஏதோ குறைகிறது என்றார்கள். அவர்கள் முடிந்ததையெல்லாம் செய்தார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. ஒரு நர்ஸ் அவள் விரலைப் பிடித்துப் பார்த்துப் பதறி, "ஏன் இப்படிக் கறுத்திருக்குது, எப்பருந்து?" என்று கேட்டார். கடுக்காய்க் கறைங்க, எப்பவும் அப்படித்தானுங்க என்று சொன்னேன். கோகிலா கண்ணை மூடிக்கொண்டே லேசாகச் சிரித்தாள். அதற்கப்புறம் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. காய்ச்சலில் எல்லாரும் பிழைத்து வருகிறார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டியம்மா நடந்து வீட்டுக்குப் போனார். இது எப்படி என்று இன்னும் எனக்குக் கணக்குக் கூடவில்லை.

எழவு வீட்டில் இருக்கிற துணி எல்லாம் தண்ணீர் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உடுத்தினது, உடுத்தாதது, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்துவிடுவார்கள். சாம்பல் அள்ளிக் கரைத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது மாடியில் கொடி எல்லாம் வெள்ளையாக இருந்தது. கோகிலாவின் அம்மா, என் அத்தை, துவைகல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இடுப்புவரை நனைந்திருந்தார்.

"எல்லாத்தையும் தொவைச்சுப் போட்டுட்டனுங்க மாப்பள. ரூமுக்குள்ள மஞ்ச மஞ்சளா மடிச்சுக் கெடந்துச்சு. பாவம், காய்ச்சலோட தொவைக்க முடியாமப் போட்டு வெச்சிருக்குது எம்புள்ள. சோப்புப் போட்டு அடிச்சுத் தொவைச்சேன். இப்பப் பாருங்க, பளிச்சுனு ஆயிப்போச்சு."

கடுக்காய் போட்டு வைத்திருந்த துணி அத்தனையும் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் சுதாவின் சேலையும் இருந்தது.

"சரிங்க அத்தை, ஈரத் துணிய மாத்துங்க, சளி புடிச்சுக்கும்" என்றேன். அவர் மகளுக்குச் செய்த கடைசி வேலை அது. அது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை அவருக்குத் தெரியாது. இதைப் படித்துக் காட்ட வேண்டாம் என்று சுதாவிடம் சொல்லியிருக்கிறேன்.

கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், ஆர்ப்பாட்டம் இல்லாமல் முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு பண்ணினார்கள். சுதா அந்தச் சேலையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, இதுக்குச் சாயம் போட்டுக் குடுங்க. அக்கா தயார் பண்ணி வெச்சதுதான?"

எனக்கு அப்போதுதான் முழுக்கக் குழம்பியது. இந்தச் சேலை இப்போது எந்த நிலையில் இருக்கிறது? கடுக்காய் போட்டாள், பார்த்தேன். அத்தை சோப்புப் போட்டு அடித்ததில் அது எவ்வளவு போயிருக்கும்? படிகாரம் போட்டாளா, இல்லையா? போட்டிருந்தால் மிச்சம் இருக்கிறதா? சேலையை விரித்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. சொட்டு விட்டேன், குடித்தது. அது வேகவைத்ததற்குத்தான் சாட்சி, மற்றதற்கு இல்லை.

சேலை முந்தியின் ஓரத்திலிருந்தும், நடுவில் கரையோரத்திலிருந்தும், உள்முனையிலிருந்தும் நகக்கண் அளவுக்கு மூன்று துண்டு வெட்டினேன். ஒரு கிண்ணத்தில் மஞ்சிட்டி வேரைச் சூடாக்கி அதில் போட்டேன். நானும் சுதாவும் அடுப்பங்கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். எடுத்து அலசினேன். முந்தித் துண்டு நல்ல சிவப்பு. நடுத் துண்டு வெளுத்த ரோஸ். உள்முனைத் துண்டு துவைத்த காவி மாதிரி, நிறமே பிடிக்கவில்லை.

சுதா அந்தச் சிவப்புத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு என்ன மாமா அர்த்தம்?"

"உங்கக்கா படிகாரம் போட்டிருக்குது கண்ணு. போடலைன்னா இந்தச் செவப்பு வராது."

"எப்பப் போட்டா?"

நான் வெளியே போயிருந்த நாள்தான். வேறு நாளே இல்லை. காய்ச்சலோடு மாடி ஏறி, தண்ணீர் சுட வைத்து, படிகாரம் கரைத்து, சேலையை முக்கி எடுத்துக் காயவைத்து, மடித்து உள்ளே வைத்துவிட்டு வந்து படுத்திருக்கிறாள். நான் வந்து சாப்பிட்டயா என்று கேட்டதற்கு ம் என்றாள். அவ்வளவுதான் என் நினைவில் இருக்கிறது.

"மறுக்கா வேக வெக்காதீங்க மாமா. இப்படியே போடுங்க."

"திட்டு திட்டா வரும் அம்மணி. இந்தா, மூணு துண்டும் மூணு நிறம். சேலை முச்சூடும் இப்படித்தான் இருக்கும்."

"இருக்கட்டும். அக்கா கை பட்டது இருக்குதில்ல?"

"மாப்பிள்ளை ஊட்டுக்கு மொத மொதல்ல உடுத்திட்டுப் போறது. அத்தன பேரும் பாப்பாங்க. கோகிலா போட்ட சேலையாமா, பாரு, திட்டு திட்டா இருக்குதுன்னு உங்கக்காளத்தான சொல்லுவாங்க?"

"செத்தவள என்ன வேணாலும் சொல்லட்டும். அவளுக்கா கேக்கப் போகுது?"

சொல்லிவிட்டு அவளே அழுதாள். நானும் அழுதேன். கிண்ணத்தில் மஞ்சிட்டித் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தை நான் நிறைய நாள் யோசித்தேன். அந்தச் சேலையைச் சாயத்தில் போடாமல் வைத்திருந்தால் கோகிலாவின் வேலை அதற்குள் இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அப்படியே சாயத்தில் போட்டால் தெரியும், ஆனால் அலங்கோலமாகத் தெரியும். சீராக வர வேண்டும் என்றால் சோடாவில் வேகவைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் ஊறவைத்து, கடுக்காயும் படிகாரமும் மொத்தமாகப் போகும்படி பண்ணி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்போது சேலை நன்றாக வரும். ஆனால் அது நான் தயார் செய்த துணி. அவள் போட்டது ஒரு துளி இருக்காது. அவள் இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே வார்த்தைதான். ஆனால் அவள் இருந்திருந்தால் இது அவளுடைய கடைசித் துணியாக இருந்திருக்காதே. அப்புறம் அவள் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது?

சிறுவாணித் தண்ணீர் வந்த நாளில் அண்டாவை அடுப்பில் ஏற்றினேன். சுதா மாடிக்கு வர மாட்டேன் என்று கீழேயே உட்கார்ந்துகொண்டாள். சேலையை நனைத்து உள்ளே விட்டேன். ரொம்பவெல்லாம் இருக்காது, அத்தை அப்படி அடித்துத் துவைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். சோடாத் தண்ணீர் பட்டதும் கடுக்காய் இறங்க ஆரம்பித்தது. மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் அடி தெரியாமல் கறுத்துப்போனது. இவ்வளவும் உள்ளே இருந்திருக்கிறது. வெள்ளையாகத் தெரிந்த அந்தச் சேலைக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது. நான் அடுப்பை அணைத்தேன். அணைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, இறங்கினது இறங்கினதுதான். இருந்தாலும் அணைத்தேன்.

"சுதா" என்று கூப்பிட்டேன். வந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"இது எல்லாம் அக்கா போட்டதுங்களா?"

"ஆமா."

"இந்தத் தண்ணிய என்ன பண்ணுவீங்க?"

சோடாத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற முடியாது, வேர் கருகிவிடும். சாக்கடையில்தான் ஊற்ற வேண்டும். வழக்கமாக அப்படித்தான் ஊற்றுவோம், கோகிலாவே அப்படித்தான் ஊற்றுவாள். சுதாவிடம் அதைச் சொன்னேன்.

"செத்த நேரம் இருக்கட்டும் மாமா" என்றாள்.

ஆறுகிறவரை இரண்டு பேரும் அண்டாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் மெதுவாகச் சாய்த்து ஊற்றினோம். பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து, "என்னுங்க, சாயம் போடறீங்களா?" என்று கேட்டார். இல்லீங்க, சும்மா தண்ணி ஊத்தறமுங்க என்றேன்.

அதற்கப்புறம் செய்ததில் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாம் மேலே எழுதினபடிதான். எலுமிச்சைத் தண்ணீர், அலசல், மறுபடி சோடா. தண்ணீர் தெளிவாக வருகிறவரை. சொட்டு எல்லா இடத்திலும் உடனே இறங்கியது. கடுக்காய், வெயில், படிகாரம், வெயில். சில நாள் மடித்து வைத்தேன். அலசி, மஞ்சிட்டியில் போட்டு, கொதிக்கவிடாமல் சூட்டிலேயே வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தேன். கோகிலா என்னைக் கிளறவிடாத சேலையை நான்தான் கிளறினேன். வெளியே எடுத்தபோது முந்தியிலிருந்து உள்முனைவரை ஒரே சிவப்பு. எங்கேயும் திட்டு இல்லை, கோடு இல்லை. இந்த மாடியில் இதைவிடச் சீராக ஒரு துணி வந்ததில்லை என்று நினைக்கிறேன். சந்தோஷப்பட வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. கொடியில் போட்டுவிட்டுக் கீழே போய்ப் படுத்துக்கொண்டேன்.

கல்யாணம் தாராபுரத்தில் நடந்தது. மறுவீட்டுக்குப் புறப்படும்போது சுதா அந்தச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். ஒறம்பரைச் சனம் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அத்தை முந்தியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் கரையைத் தடவிப் பார்த்து, "என்னம்மா இது, இத்தன பதமா இருக்குது! கடையில எடுத்ததா?" என்று கேட்டார்.

சுதா என்னைப் பார்த்தாள். நான் கீழே குனிந்துகொண்டேன்.

"இல்லீங்க, எங்கக்கா போட்டது" என்றாள்.

"உங்கக்காளா? எங்க, கூப்புடு, எனக்கு ஒண்ணு போட்டுத் தரச் சொல்லோணும்."

யாரோ அந்தப் பெரியம்மாவின் காதில் விவரம் சொன்னார்கள். அவர் கையை எடுத்துவிட்டு, சுதாவின் தலையைத் தொட்டுக் கும்பிட்டார்.

சுதா சொன்னது உண்மையா பொய்யா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்தச் சேலையில் கோகிலா போட்டது எதுவும் இல்லை. என் கையால் சாக்கடையில் ஊற்றினேன். ஆனால் அது நான் போட்டது என்று சொல்ல என்னாலும் முடியாது. அந்த மாடியில் எனக்கென்று என்ன தெரியும்? யாராவது படித்தவர்கள் இதற்குப் பதில் தெரிந்தால் கவிதாவிடம் சொல்லுங்கள், அவள் எனக்கு போனில் சொல்வாள்.

அண்டாக்களையும் மிச்சக் கடுக்காயையும் கவிதாவுக்கே கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் பெருந்துறைக்குப் போகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், கோகிலா என்று அவள் பேரைச் சொல்லி ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போனால் நான் கண்ணை மூடி நிற்கிறேன், அவளுக்காக என்ன கேட்பது என்று எனக்குத் தெரியாமல் திரும்பி வந்துவிடுகிறேன். உங்களுக்குக் கேட்கத் தெரியும். எனக்கும் சேர்த்து நீங்கள் எல்லாரும் கேளுங்கள்.